உனக்குத் தராமல் நிறுத்திய குளிசை

இன்று லிப்டுக்குள் வாதத் தைலம் மணத்தது. மேல்மாடியில் யாருக்கோ பூசுகிறார்கள் போல. உன் புருஷனின் தமக்கை, அந்த மச்சாள், விளங்காமல் போன உன் இடது கையில் காலையும் மாலையும் இதைத்தான் தேய்தேய் என்று தேய்த்தாள். நல்லாய்த்தான் தேய்த்தாள், இல்லையென்று சொல்லவில்லை.

பாரிசவாதம் வந்து ஆஸ்பத்திரியால் திரும்பிய பிறகு நீ சுவரைப் பார்த்தபடியே கிடந்தாய். சோறு வேண்டாம், பயிற்சி வேண்டாம், இத்தனை வருஷச் சிநேகிதி என் முகம்கூட வேண்டாம். டொக்டர் மனச்சோர்வுக்கு ஒரு குளிசை, மாத்திரை, எழுதித் தந்து தெளிவாகச் சொன்னார்: "இது பிடிவாதம் இல்லை. மூளை பாதிச்சால் மனமும் சோரும். இந்தக் குளிசையை நீங்களாய் நிப்பாட்டக் கூடாது."

குளிசை போட்டுச் சில வாரங்கள் போக, வெள்ளவத்தை ஒழுங்கையில் மீன்காரன் கூவிய ஒரு காலையில், கோணிய வாயோடு நீ சொன்னாய்: "பாரை இருக்கோ எண்டு கேள். போனமுறை பழசைத் தந்தவன், கள்ளன்." அடியே, நான் அழுதேவிட்டேன். பின்னேரங்களில் என் தோளைப் பிடித்துக்கொண்டு கடற்கரை ரயில் பாதைவரை நடந்தாய்.

அந்த நேரம் பார்த்து உன் மகளுக்குச் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள் என்று மச்சாளுக்குப் பயம். பாரிசவாதத்தைச் சொல்லலாமாம், அந்தக் குளிசையைச் சொல்ல முடியாதாம். "விசர்க் குளிசை, பைத்தியத்துக்குப் போடுறது எண்டு ஆரும் அறிஞ்சால் பிள்ளையின்ர வாழ்க்கை என்னாகும்?" என்றாள். உன் புருஷன் தலையாட்டினார். குளிசையை நிறுத்தினார்கள். நான் போய்ச் சண்டை பிடித்தேன். "எங்கட வீட்டு விஷயம்" என்று கதவைச் சாத்தினார்கள்.

நீ மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பினாய். பிறகு பிரஷர் குளிசைக்கும் வாய் திறக்கவில்லை. பாரிசவாதம் இரண்டாம் முறையும் வந்தது, நீ போய்விட்டாய்.

செத்தவீட்டுக்கு மாப்பிள்ளையின் தாய் வந்தார். இருந்த ஆத்திரத்தில் எல்லாவற்றையும் அவரிடம் கொட்டினேன். அவர் திகைத்துப்போனார். "ஐயோ, அந்தக் குளிசையோ? என்ர அக்காவும் அதுதான் போடுறா. இதில என்ன கிடக்கு?"

இதில என்ன கிடக்கு! இந்த ஒரு வார்த்தைக்குப் பயந்தா உன்னைச் சாகவிட்டார்கள்?

உன் மகள் இப்போது மச்சாளுக்காக ஃபோனில் சொல்கிறாள்: "மாமியை மன்னிச்சுவிடுங்கோ அன்ரி. எனக்காகத்தானே செய்தவ." எப்படி மன்னிப்பேன்? மன்னிக்க வேண்டியவள் நீ; உன்னைத்தான் இல்லாமல் செய்துவிட்டார்களே. அந்த வீட்டில் எல்லாரும் சமாதானமாகிவிட்டார்கள். உனக்காகக் கோபப்பட நான் ஒருத்திதான் மிச்சம். இதை நான் விடமாட்டேன்.