மழை நாளில் அறுபத்தொரு டிகிரி

அனுப்புநர்:
பத்தாம் வகுப்பு மாணவி,
சமுதாயத் தோட்டப் பயிற்சிக் குழு.
(பெயரைக் கடைசியில் எழுதுகிறேன்.)

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: தோட்டப் பணியாளர் மீது நாளை நடக்கவுள்ள விசாரணை – உண்மையான தவறு என்னுடையது எனத் தெரிவித்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

முதலில் ஒரு வேண்டுகோள். தயவுசெய்து இந்த மனுவை யாருக்கும் காட்ட வேண்டாம். முக்கியமாக, தங்கள் அலுவலகத்தின் பூங்காப் பிரிவு மேற்பார்வையாளருக்குக் காட்ட வேண்டாம். அவர் என் தாயார். இதை எழுதுவது அவருக்குத் தெரியாது.

1. பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் உள்ள தோட்டத்தில் எங்கள் பள்ளி மாணவர்கள் வேலை செய்து பாடம் படிக்கிறோம். அதற்கு மதிப்பெண் உண்டு. எனக்குத் தரப்பட்ட வேலை, தினமும் காலை ஏழு மணிக்கு உரக்குவியலுக்குள் நீளமான வெப்பமானியைச் செருகி, எத்தனை டிகிரி என்று நோட்டில் எழுதுவது. குப்பை நன்றாகச் சூடேறி அடங்கினால்தான் உரமாகும். எங்களுக்கு வேலை காட்டும் தோட்டக்கார அக்கா, "இதுக்கு மட்டும் காய்ச்சல் வந்தா சந்தோஷப்படணும்" என்று சிரிப்பார்.

2. முதல் ஐந்து நாள் உண்மையாகவே அளந்தேன். ஐந்தாம் நாள் அளந்துவிட்டு, குப்பை வாடையோடு பள்ளிக்குப் பேருந்தில் ஏறியதும் என் வகுப்பு மாணவன் ஒருவன், "உரமூட்டை ஏறிடுச்சு, ஜன்னலத் தெறங்கடா!" என்று கத்தினான். ஓட்டுநர்கூடச் சிரித்தார். அன்றிலிருந்து நான் தோட்டத்துக்குள் போகவில்லை. பேருந்து நிறுத்தத்திலேயே உட்கார்ந்து, பாடப்புத்தகத்தில் இருந்த வரைபடத்தைப் பார்த்து எண்களை எழுதினேன். சந்தேகம் வராமலிருக்க நடுவில் ஒருநாள் இரண்டு டிகிரி குறைத்தேன். ஆசிரியர் என் நோட்டை மற்றக் குழுக்களிடம் காட்டி, "பதிவேடுன்னா இப்படி இருக்கணும்" என்றார்.

3. உரத்தைப் பாத்திகளில் போடும் நாளில் மேற்பார்வையிட என் தாயாரும் வந்திருந்தார். அக்கா முழங்கை வரை குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்தார். "மேடம், இது இன்னும் சூடே ஏறல. உள்ள பச்சையா கெடக்கு. கிளறிவிட்டு இன்னும் ஒரு மாசம் வெச்சிருக்கலாம்" என்றார். என் தாயார் நோட்டைக் காட்டி, "கருவி சொல்றது தப்பு, உங்க கை சொல்றது சரியா?" என்று கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீ பாத்துதானே எழுதின?" என்றார்.

நான் "ஆமா" என்றேன்.

அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. என் விரல்களைப் பார்த்தார். நகங்களில் துளி மண் இல்லை. ஆனால் எல்லார் முன்னாலும் அவர் ஒன்றும் கேட்கவில்லை. என் தாயார் சொன்னபடி அன்றே உரத்தைப் பாத்திகளில் போட்டார்கள்.

4. பத்தே நாளில் பதினெட்டுப் பாத்திகளிலும் தக்காளி நாற்று வேர் அழுகிச் சாய்ந்தது. அந்தப் பாத்திகளில் அக்கம்பக்கத்தார் ஆளுக்கொன்றாகப் பயிரிடுகிறார்கள். தன் பாத்தி முன்னால் உட்கார்ந்து, தையல்காரர் ஒருவர் ஒவ்வொரு செடியாக நிமிர்த்திவைத்தார். கையை எடுத்ததும் அது மறுபடி விழுந்தது. நான் குழாயடியில் நின்று, கழுவிய மண்வெட்டியையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன்.

5. நல்ல உரத்தை அக்கா வெளியே கொடுத்துவிட்டுப் பச்சைக் குப்பையைப் போட்டுவிட்டார் என்பது இப்போதைய குற்றச்சாட்டு. அதற்கு ஆதாரம், உரம் நன்றாகச் சூடேறியது என்று காட்டும் என் நோட்டு. நாளை பதினோரு மணிக்கு விசாரணை. அவருக்கு வேலை போய்விடும் என்று பேசிக்கொள்கிறார்கள்.

6. நான் சொல்வதை நம்பச் சான்று வேண்டுமென்றால், நோட்டில் பதினான்காம் தேதியைப் பாருங்கள். அன்று கனமழை. பள்ளி விடுமுறை. பணிமனைத் தெருவில் இடுப்பளவு தண்ணீர். தோட்டத்துக்குள் யாருமே போயிருக்க முடியாது. ஆனால் நோட்டில் "காலை 7 மணி, 61 டிகிரி" என்று இருக்கிறது. என் கையெழுத்துதான்.

7. இன்று சாப்பிடும்போது என் தாயார், "நல்லவேளை, உன் நோட்ட நம்பினேன்" என்று சொல்லி என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தார். ஐயா, அந்தச் சோற்றை அப்படியே வைத்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். இது புகார் மனு என்றால், நான் புகார் கொடுப்பது என் மீதுதான்.

ஆகவே அக்கா மீதான நடவடிக்கையைக் கைவிட்டு, அவர் கை சொன்னதே சரி என்று எல்லார் முன்னிலையிலும் அறிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். என் மதிப்பெண்ணை எடுத்துவிடுங்கள். என் தாயாரைத் தண்டிக்காதீர்கள். அவர் செய்த ஒரே தவறு, என்னை நம்பியது.

யாருக்கும் காட்ட வேண்டாம் என்று மேலே எழுதினேன். காட்டாமல் அக்காவைக் காப்பாற்ற முடியாது என்பது இவ்வளவு எழுதிய பிறகுதான் புரிகிறது. அந்த வேண்டுகோளைத் திரும்பப் பெறுகிறேன். விசாரணையில் இதை உரக்கப் படியுங்கள். நானும் வந்து நிற்கிறேன்.

இடம்: என் அறை
நாள்: விசாரணைக்கு முந்தைய இரவு

இப்படிக்கு, பொய் எழுதிய அதே கையால்,

அம்மா கதவைத் தட்டுகிறார். இன்னும் பெயர் எழுதவில்லை. தாளை ஒளிக்காமல் மேசைமேலேயே வைத்துவிட்டு எழுந்து கதவைத் திறக்கப் போகிறேன்.