நிரோஜன் கட்டிய என் வேட்டி

வைகாசி 9, வெள்ளிக்கிழமை

இன்றைய பல்கலைக்கழகப் பட்டிமன்றத்தில் 'சினிமா நம்மைக் கெடுக்கிறது' என்று நான்தான் பேசியிருக்க வேண்டும். அணியைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்தார்கள். அந்தப் பக்கம் நிரோஜனுக்குப் போனது. தலைமயிருக்குச் சாயம் அடித்தவன், எந்தப் படத்தையும் முதல் நாளே பார்ப்பவன். எனக்குச் சினிமாவைப் புகழும் பக்கம்.

காலையில் மேடைக்கு வேட்டி வேண்டுமென்று வந்தான். அவனிடம் ஜீன்ஸ்தான் இருக்கிறது. என்னுடையதைக் கொடுத்து, இடுப்பில் கட்டியும் விட்டேன்.

களுவாஞ்சிக்குடி பஸ்ஸில் நான் தினமும் அவனிடம் புலம்புவதையே மேடையில் பேசினான். வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் கொள்கை இல்லை, சினிமாப் பாட்டுத்தான் இருக்கிறது. கோயில் திருவிழாவிலும் அதே பாட்டு என்றான். மண்டபமே கைதட்டியது. நான் சொன்னபோதெல்லாம் கொட்டாவி விட்டவன் அவன்.

யார் என் பேச்சைக் கேட்க வேண்டுமென்று ஏங்கினேனோ, அந்தத் தர்சினி நேரே அவனிடம் போனாள்.

"நீங்க கதைச்சது நெஞ்சில பட்டிச்சு. உண்மையா நம்புறவங்களாலதான் இப்பிடிக் கதைக்க ஏலும்."

பிறகு என்னைப் பார்த்தாள்.

"நீங்க கனக்கப் படம் பாப்பீங்க போல?"

ஓம் என்று தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன்?

பஸ்ஸால் இறங்கும்போது வேட்டியைத் திருப்பித் தந்தான்.

"மச்சான், பட்டிமன்றம் மறுகா இன்னொரு சுத்து இருக்காம். நாளைக்கும் ஏதாச்சும் சொல்லுடா."

வேட்டி முழுக்க அவனுடைய சென்ட் மணக்கிறது. விடிந்தால் கோயிலுக்குக் கட்ட என்னிடம் வேறு இல்லை.