பழைய குசினியில் வில் பட்டறை

ஜூலை 5, சனி

கச்சான் காற்று. காலை பத்து மணிக்கே உதடு வெடிக்கிறது. பின்வளவிலுள்ள பழைய குசினியைக் கூட்டி முடித்தேன். மூன்று சாக்குச் சாம்பல், ஒரு உடைந்த அம்மி, எலிக் குடும்பம் ஒன்று. ஜெஸீமா காஸ் அடுப்புக்கு மாறி எட்டு வருடம். அதற்குப் பிறகு இங்கே தேங்காய் மட்டைதான் குடியிருந்தது.

மனைவியிடம் கேட்காமல் இறங்கவில்லை. அவளுக்குச் சீதனமாக வந்த வீடு, நான் வந்து சேர்ந்தவன். போன கிழமையே முறையாகக் கேட்டேன். வீட்டுக்குள் தூள் வராமலிருந்தால் சரி என்றாள். அனுமதி கிடைத்தது.

கிராம சேவகரிடமும் சொல்லிவைத்தேன். நம் ஊரில் ஒரு முஸ்லிம் வீட்டில் வில் என்றால் கதை தானாகக் கிளம்பும். அவர் சிரித்தார். அம்புக்கு இரும்பு முனை வைக்க வேண்டாமாம். ரப்பர் மொட்டு போதும்.

ஏன் வில் என்று கேட்பவர்களுக்கு, நபிகள் காட்டிய சுன்னத்தான விளையாட்டு என்கிறேன். வாயை அடைக்க அது நல்ல பதில். உண்மைக் காரணம் வேறு. நீர்ப்பாசனக் கந்தோரில் படம் வரைந்தே பென்சன் எடுத்தவன் நான். அணைக்கட்டு, மதகு, வாய்க்கால். எல்லாம் அசையாத சாமான். கொஞ்சம் வளையக்கூடிய ஒன்றைச் செய்து பார்க்க ஆசை. அவ்வளவுதான்.

ஜூலை 7, திங்கள்

காற்று அதேபடி. மேசை போட்டாயிற்று. கால்கள் பழைய கட்டிலுடையவை. இன்னும் தேவை:

- கிளாம்ப் 2
- அரைவட்ட அரம்
- கப்பி 1, கயிறு ஆறு முழம்
- சீவுளிக்குப் புது அலகு
- கண்ணாடித் துண்டு (கடைசிச் சுரண்டலுக்கு, ஜெஸீமா உடைத்த தட்டுக் கண்ணாடி கிடக்கிறது, அதைக் கேட்கக் கூடாது, எடுத்துவிட வேண்டும்)

சாகாமத்திலிருந்து செல்லையா வந்தார். பழைய கந்தோர்க் கூட்டாளி. தன் தகப்பன் காலத்து வண்டிலின் ஏர்க்கால் இரண்டை ஆட்டோவில் கட்டிக்கொண்டு வந்து இறக்கினார். விண்ணாங்கு மரம். மாடு இழுத்து இழுத்துப் பதப்பட்டது, இனிக் காய வைக்கத் தேவையில்லை என்றார். தேத்தண்ணி குடித்தார், முழங்கால் வலி, வயலுக்குத் தண்ணீர் காணாது, மருமகளுக்கு வாய் அதிகம் என்று குறைப்பட்டார். போனார்.

வில்லை வளைத்துப் பார்க்கச் சுவரில் ஒரு பலகை அறைந்தேன். அதன் மேல் வில்லைக் குறுக்கே வைத்து, நாணில் கயிற்றைக் கொளுவி, கீழேயுள்ள கப்பி வழியாக இழுத்தால் வில்லின் இரண்டு கையும் எப்படி வளைகின்றன என்று தூர நின்றே பார்க்கலாம். சுவர் புகையில் கறுத்துப் போனது. அதில் சோக்கால் நான்கு அங்குலத்துக்கு ஒரு கோடு, குறுக்கும் நெடுக்கும். ஆணித் துளை மொத்தம் ஆறு. கறுப்பில் வெள்ளைக் கட்டம் நன்றாகத்தான் இருக்கிறது. இத்தனை வருடம் இந்த வீட்டில் எனக்காக நான் அடித்த முதல் ஆணிகள் இவை என்று கடைசி ஆணிக்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது.

ஜூலை 10, வியாழன்

முதல் வில் முறிந்தது. முழுப் பிழையும் என்னுடையது. படம் வரைபவன் புத்தி. இரண்டு கையையும் அங்குலத்துக்கு அங்குலம் அளந்து, ஒரே தடிப்பில் சீவினேன். அளவு சமம், மரம் சமமில்லை. மேல்கையில் ஒரு இடம் மெத்தென்று இருந்திருக்கிறது. கட்டத்தில் பார்க்கும்போதே அந்த இடம் கூடுதலாக மடிந்தது. அளவுத் தாளை நம்பினேன், கண்ணை நம்பவில்லை. கயிற்றை இன்னும் ஒரு சாண் இழுத்தேன். பட்டாசு மாதிரிச் சத்தம்.

ஜெஸீமா ஓடிவந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். கை கால் இருக்கிறதென்று கண்டதும் சிரிக்கத் தொடங்கினாள். பகல் சோறு வைக்கும்போதும் சிரித்தாள். எனக்குக் கோபம். ஆனாலும் சுறா வறை நல்லாயிருந்தது.

ஜூலை 11, வெள்ளி

ஜும்ஆ முடிந்து வந்து சாரத்தை மாற்றிக்கொண்டு இரண்டாவது மரத்தில் கை வைத்தேன். இந்த முறை அளவுத் தாள் இல்லை. வெளிப்பக்கத்து நாரை அறுக்காமல் உட்பக்கத்தை மட்டும் கொஞ்சம் சீவுவது, வளைத்துப் பார்ப்பது, மறுபடி கொஞ்சம்.

மகள் ரிஸ்னா வாசலில் வந்து நின்றாள். காவின் எழுதிப் பதிவாயிற்று, அடுத்த மாதம் கலியாணம். சுவரைப் பார்த்தாள். துளைகளை எண்ணினாள் என்று நினைக்கிறேன்.

"இத யாருட்டக் கேட்டுச் செஞ்ச நீங்க, வாப்பா?"

"உம்மாட்ட."

"ஊடு என்ட பேர்லயெல்லோ இரிக்கி."

கோபமாகச் சொல்லவில்லை. குர்ஆன் ஓதும் பிள்ளையின் உச்சரிப்பைத் திருத்துகிற மாதிரிச் சொன்னாள். இந்தச் சுவரை உடைத்து, வாஷிங் மெஷினும் புது பாத்ரூமும் வைக்கப் போகிறாளாம். மேசனுக்குச் சொல்லியாயிற்றாம்.

வீட்டு உறுதிப் பத்திரம் எழுதியது ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்திய கிழமை. நொத்தாரிசு வீட்டுக்கு ஆட்டோ பிடித்தவன் நான். ஜெஸீமா தன் மகளுக்கு எழுதிக் கொடுத்தாள், பக்கத்தில் நின்று பார்த்தேன், வரும் வழியில் மூன்று பேரும் ஐஸ்கிரீம் சாப்பிட்டோம். அவ்வளவும் நடந்த பிறகு, வீட்டை மகளிடம் கொடுத்துவிட்ட ஒருத்தியிடம் போய் அறை கேட்டிருக்கிறேன். அவளும் தந்திருக்கிறாள்.

ஜெஸீமாவிடம் சொன்னேன். சுளகைக் கீழே வைத்தாள். "மறந்தே பெய்த்து" என்றாள்.

அவமானமாக இருந்தது. சீவல்களைக் கூட்டி அள்ளினேன்.

ஜூலை 12, சனி

சாய்ந்தமருதுக்குப் போனேன், தங்கச்சி பரீதா வீட்டுக்கு. எங்கள் உம்மாவின் வளவு அது. அவள் கலியாணத்துக்காக அதில் வீடு கட்டியவன் நான்தான். கட்டி முடிக்கும்வரை என் கலியாணத்தைத் தள்ளிப் போட்டார்கள். பின்னால் ஒரு தகரக் கொட்டில் சும்மா இருக்கிறது. கேட்டேன்.

கூடப்பிறந்த காக்காவுக்கு இல்லாத இடமா என்றாள். நெஞ்சு குளிர்ந்தது. அடுத்த மூச்சிலேயே, மகளிடம் ஒரு சொல் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றாள். போன வருடம்தான் வளவை மகளுக்கு எழுதினார்களாம்.

பஸ்ஸில் வரும்போது கணக்கிட்டேன். உம்மா வீட்டில் பிறந்தேன், அது தங்கச்சிக்குப் போனது. மனைவி வீட்டுக்கு வந்தேன், அது மகளுக்குப் போனது. தங்கச்சிக்கு ஒரு வீடு முழுதாக, மகளுக்கு மேல்மாடி, இரண்டும் என் கையால். குறை சொல்லவில்லை. இந்த ஊரில் எல்லா ஆணும் அப்படித்தான், பெண் பிள்ளைகள் தெருவில் நிற்காதது இதனால்தான். ஆனால் எனக்கென்று ஆணியடிக்க ஒரு சுவர் இல்லை.

ஜூலை 13, ஞாயிறு

காற்று கொஞ்சம் அடங்கியது. மருமகன் முபீஸ் வந்தார், கண்டிக்குப் பின்னேர பஸ் எடுக்குமுன். அங்கே ஆஸ்பத்திரியில் எக்ஸ்-ரே எடுக்கிறவர். கலியாணத்துக்குப் பிறகும் வியாழன் வந்து ஞாயிறு போவதாகத்தான் பேச்சு. ரிஸ்னா இங்கேயே இருப்பாள். வீடு இருக்கிறதே.

குசினிக்குள் எட்டிப் பார்த்தார். கயிற்றைப் பிடிக்கச் சொன்னேன். மெதுவாக, பக்குவமாக இழுத்தார். வில்லின் கீழ்க்கை கல்லு மாதிரி நிற்கிறது என்று அவரே கண்டுபிடித்தார். எலும்பு பார்த்துப் பழகிய கண். ஒரு மணித்தியாலம் நின்றார். கண்டியில் தனக்கு இரண்டு அறை குவாட்டர்ஸ் இருக்கிறது, ஒரு அறை சும்மா கிடக்கிறது என்றார். எனக்கு வில் செய்ய இடம் சொல்கிறாரோ என்று நினைத்தேன். அவ்வளவு தூரம் சரிவராது மருமகன் என்றேன். ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஜூலை 16, புதன்

நூல் வாங்க வேண்டும். நைலோன் நாண் இழுபடுகிறது. மருதமுனையில் தறி நூலைப் பன்னிரண்டு இழை முறுக்கித் தருவார்களாம்.

யோசித்துப் பார்த்தேன். கேட்க வேண்டியவளிடம் இன்னும் கேட்கவில்லை. ஷேர்ட் போட்டுக்கொண்டு மேல்மாடிக்குப் போய்க் கதவில் தட்டினேன். ரிஸ்னா பயந்துவிட்டாள், யாருக்கோ சுகமில்லையென்று.

"மகள், அந்தப் பழைய குசினிய எனக்குத் தருவியா?"

படுக்கையில் உட்கார்ந்தாள். கண் கலங்கியது. நான் எதிர்பார்க்கவில்லை.

"என்னிட்டக் கேக்கல்லயெண்டு உங்களுக்குச் சொன்னன்தான். இந்த ஊட்ட எழுதக்குள்ள, எனக்கு வேணுமா வேணாமாண்டு யாரு வாப்பா கேட்டாங்க?"

முபீஸோடு கண்டியில் இருக்கத்தான் ஆசையாம். வீட்டை எழுதிய பிறகு அதைச் சொல்ல வாய் வரவில்லையாம். எப்படியும் இங்கேதான் கிடக்க வேண்டுமென்றால் நல்ல பாத்ரூமாவது இருக்கட்டும் என்று மேசனைப் பிடித்தாளாம். சும்மா கிடந்த அறை யாருக்கென்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

ஜூலை 18, வெள்ளி

ஜெஸீமாவுக்குத் தெரிந்துவிட்டது. நேற்றிலிருந்து அடுப்படியில் சட்டி சத்தம் மட்டும்தான். காலையில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஊடு இல்லாத பொம்புள மாதிரியா புரிசனுக்குப் பின்னால போகப் போறா? நீங்க ஒரு சொல்லுச் சொன்னா நிப்பா."

உண்மைதான். நான் சொன்னால் நிற்பாள். நின்றால் மேசன் திங்கட்கிழமை சுவரை உடைப்பான். போனால் குசினி எனக்கு. இதை யோசிக்கக் கூடாது என்று நினைத்தேன். நினைக்க நினைக்க அதுதான் வந்தது.

ஜும்ஆவுக்கு முன் ரிஸ்னா குசினிக்கு வந்தாள். வில் பலகையில் இருந்தது, இரண்டு கையும் ஏறக்குறைய ஒத்து வளைகிற நிலை. அதைத் தொடாமல் தள்ளி நின்றாள். உம்மா உங்களிடம் சொல்லியிருப்பா என்றாள். ஓம் என்றேன். நான் என்ன செய்ய என்றாள்.

"போ மகள். அவரோட போய் இரி" என்றேன். உடனே சொன்னேன். ஒரு மூச்சு கூட எடுக்கவில்லை.

அவள் முகம் மலர்ந்தது. பிறகு என்னைப் பார்த்தாள், மேசையைப் பார்த்தாள், சுவரில் கட்டங்களைப் பார்த்தாள்.

"குசினிக்காகச் சொல்லல்லயே, வாப்பா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். பள்ளியில் பாங்கு சொன்னார்கள். தொப்பியைத் தேடுவது போல் வெளியே வந்துவிட்டேன்.