நிமிடத்துக்கு எத்தனை சொல்

மணப்பாடு,
சனிக்கிழமை.

அன்புள்ள உங்களுக்கு,

நேற்று எங்கள் பள்ளியில் வாசிப்புத் தேர்வு. பிள்ளைகள் நிமிடத்துக்கு எத்தனை சொல் வாசிக்கிறார்கள் என்று ஓர் அதிகாரி செல்போனில் நேரம் வைத்து எண்ணினார். மூன்றாம் வகுப்பு அனிஷா, கதையில் அப்பா கப்பலேறும் இடத்தில் நிறுத்திவிட்டாள்.

"பொறவு அவுக திரும்பி வந்துட்டாவளா, டீச்சர்?"

அதற்குள் நிமிடம் முடிந்தது. 'வாசிக்கத் தெரியாதவள்' என்று பதிந்துகொண்டார். எனக்குப் பொறுக்கவில்லை, சண்டை போட்டேன். "கேள்வி கேட்டதுக்கெல்லாம் மார்க் கிடையாது, டீச்சர்" என்றார்.

இன்று காலை கப்பலிலிருந்து நீங்கள் அனுப்பிய செய்தி வந்தது. 'கான்ட்ராக்டை ஆறு மாசம் நீட்டிட்டாவ.' நான்கே சொல். மத்தியானம் ஆகிவிட்டது, இன்னும் வாசித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த அதிகாரி பார்த்தால் அனிஷாவுக்குக் கீழே என்னையும் எழுதிக்கொள்வார்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி