பாதாளத்தில் இறங்கினார்

திருவண்ணாமலை
டிசம்பர் 1961

என் அன்பானவங்களுக்கு,

ஸ்தோத்திரம்னு ஆரம்பிக்கக் கை வரலை, மன்னிச்சுக்குங்க. இங்க மழை இன்னும் விடலை.

தீபக் கூட்டத்துல பஸ் கிடைக்காம நீங்க வந்து சேர்றதுக்குள்ள நம்ம புள்ளை சுகிர்தத்தை அடக்கம் பண்ணியாச்சு. அங்க நடந்ததை நீங்க கேக்கலை, நானும் சொல்லலை.

குழியில தண்ணி, எறைக்க எறைக்க ஊறுச்சு. அதுலயேதான் பெட்டியை இறக்கினாங்க. தூங்குறப்போ கால்ல ஈரம் பட்டாலே அழற புள்ளைங்க அவ.

நாம எதையெல்லாம் நம்புறோம்னு சபையா சேர்ந்து சொல்ற விசுவாசப்பிரமாணத்தைப் போதகர் ஆரம்பிச்சார். என் வாய் திறக்கலை. பெங்களூர்ல பையன்களுக்கு வேதசாஸ்திரம் சொல்லித் தர்றவர் நீங்க. "எந்தக் காலத்துலயோ எழுதினது. இயேசு மரிச்சுப் பாதாளத்தில் இறங்கினார்னு இன்னிக்குச் சொன்னா யாருக்கு என்ன புரியும்? அந்த வரியை எடுத்துடணும்"னு சொல்வீங்க. நானும் சரின்னுதான் தலையாட்டியிருக்கேன்.

அந்த வரி வந்தப்போ நான் கத்திட்டேங்க. "இறங்கினார், இறங்கினார்"னு கத்தினேன். பக்கத்து வீட்டு ரூத்தம்மா என்னைப் புடிச்சுக்கிட்டாங்க. செத்தவங்க போற, நம்மால இறங்க முடியாத இடத்துக்கு அவர் முன்னாடியே போயிருக்கார்னா, புள்ளை அங்க தனியா இல்லை. மத்த வரியெல்லாம் எனக்கு இன்னும் சொல்ல வரலை. உயிர்த்தெழுதல் கூட வரலை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுல நீங்க அந்த வரிக்கு மட்டும் வாயை மூடிக்கிட்டு நின்னீங்க. அது உங்க மனசாட்சி, எனக்குக் கோபமில்லை. ஆனா வகுப்பு இருக்குன்னு அன்னிக்கே கிளம்பிட்டீங்க.

அவளுக்காக நாம ரெண்டு பேரும் சேர்ந்து இன்னும் ஒரு தரம் கூட அழலைங்க.

வாங்க.

உங்க வீட்டுக்காரி