முந்நூறு பேர் அழுத பகலாட்டம்

ஊரிகம் தங்கச் சுரங்கம்,
1904ஆம் வருஷம், மாசி மாதம் 24, திங்கட்கிழமை.

சிரஞ்சீவி தாமோதரனுக்கு உன் தகப்பன் தசரதன் ஆசீர்வதித்து எழுதுவது. இந்த மாசிப் பனியில் நாங்கள் மூன்று பேரும் இருமிக்கொண்டாவது எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், கொழும்புக் கடல்காற்று உன் உடம்புக்கு ஒத்துக்கொண்டதா, வேளைக்குச் சோறு கிடைக்கிறதா என்று அறிய ஆசை. சொல்லுகிறவன் நான், எழுதுகிறவள் உன் தங்கை பார்வதி. நான் கொச்சையாகச் சொல்வதை அவள் பள்ளிக்கூடத் தமிழாக்கி எழுதிக்கொண்டு போகிறாள், எதைச் சேர்க்கிறாள் எதை விடுகிறாள் என்று எனக்கென்ன தெரியும், ஆறாம் வகுப்புக்காரியை நம்பித்தான் ஆக வேண்டும். உனக்குத் தொண்டை கட்டிக்கொண்டிருக்கிறதென்று அறிந்தேன். சுக்கும் மிளகும் தட்டிப்போட்டுக் காய்ச்சிப் பனங்கற்கண்டு கலந்து சூடாகக் குடி, ஆட்டம் முடிந்த வியர்வையோடு இளநீர் குடிக்காதே, ராணி வேஷம் கட்டுகிறவனுக்கு மீசை முளைத்தால் சிரைத்துக்கொள்ளலாம், தொண்டை போனால் ஒட்டிக்கொள்ள முடியாது. அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. ராஜப்பாவை இந்த மாதக் கடைசியோடு மைசூர் மைன்ஸ் பக்கம் வேறு ஷாப்டுக் குழிக்கு மாற்றுகிறார்கள், ஒன்பது வருஷம் ஒரே கேஜ் கூண்டில் என்னோடு சுரங்கத்தில் இறங்கினவன், அதுதான் மனசுக்குச் சரியாக இல்லை.

தை மாதம் உங்கள் நாடகக் கம்பெனி இங்கே வந்தபோது நைட் ஷிப்டுக்காரர்களுக்கென்று ஞாயிற்றுக்கிழமை பகலில் ஒரு ஆட்டம் போட்டீர்களே, அதைப்பற்றி ஸ்டேஷனில் வண்டி புறப்படுகிற அவசரத்தில் நல்லாயிருந்தது, விடாதே என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. இப்போது விவரமாகச் சொல்கிறேன், குறையை முதலில் கேட்டுக்கொள். உங்கள் ராஜா வேஷக்காரர் காட்டில் நடக்கவில்லை, கல்யாணப் பந்தலில் மாமனார் நடக்கிற மாதிரி நடக்கிறார். கல் இருக்கும் முள் இருக்கும் என்கிற நினைப்பே அவர் காலில் இல்லை. நாங்கள் சுரங்கத்தில் புது லெவலில் இறங்கினால் முதலில் காலைத்தான் அனுப்புவோம், உடம்பு பின்னால் வரும். நீ அப்படித்தான் நடந்தாய், அது நான் சொல்லிக்கொடுத்ததல்ல, நீயாகத் தெரிந்துகொண்டாய். அரண்மனைக்கும் காட்டுக்கும் ஒரே திரையா என்று லைன் வீடுகளில் பலபேர் குறைப்பட்டிருப்பார்கள். நான் அதைக் குறையென்று சொல்லமாட்டேன். நீ அண்ணாந்து பார்த்தாய், அங்கே மரம் இருந்தது. நடிக்கிறவன் பார்க்காத மரத்தை எத்தனை வர்ணம் பூசி வரைந்தாலும் எவன் கண்ணுக்கும் தெரியாது. மந்திரி வேஷக்காரர் ராஜாவோடு பேசும்போதெல்லாம் துரைமார் உட்கார்ந்த நாற்காலியைப் பார்த்தே பேசினார், மெடல் அங்கிருந்துதான் வரும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. உங்கள் கம்பெனியில் நல்ல நடிகன் அந்தப் பபூன்தான். மற்றவர்கள் தங்கள் முறை வரும்வரை கட்டைபோல் நிற்கிறார்கள், அவன் ஒருவன்தான் அடுத்தவன் பேசுவதைக் கேட்கிறான். கேட்கிறவன் முகத்தைப் பார்த்தால் போதும், பேசுகிறவன் என்ன சொன்னான் என்று தெரிந்துபோகும்.

உன்னிடத்திலும் ஒரு குறை உண்டு. காணாமல் போன குழந்தையின் அரைஞாண் புதரில் கிடக்கிறதை ராணி பார்க்கிறாளே, அந்த இடத்தில் அதை எடுப்பதற்கு முன்பே உன் கை கண்ணுக்குப் போய்விட்டது. சேதி கைக்கு முந்தித் தெரியக் கூடாது. பார், எடு, யாருடையதென்று யோசி, அது யாருடையதாகவும் இருக்கக் கூடாதா என்று ஒரு மூச்சு நில், பிறகு அழு. பாட்டும் அப்படியே. பேச்சுத் தாங்காமல் போகிற இடத்தில் பாட்டு வரவேண்டும், இப்போதைய கம்பெனிகளில் திரை தூக்கினதுமே எல்லாரும் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறார்கள், கடைசியில் துக்கம் வருகிறபோது ஏறிப்போக மேலே இடமில்லை. நீ அரைஞாணை மடியில் வைத்துக்கொண்டு பாட ஆரம்பித்ததும் நான் பலகையில் இரண்டு உள்ளங்கையையும் ஊன்றிக்கொண்டேன், மிருதங்கம் பலகை வழியாகவே உடம்பில் ஏறியது. திரும்பிப் பார்த்தேன். முந்நூறு பேர், மகனே. ஒருவர் விடாமல் துண்டை வாயில் அழுத்திக்கொண்டு தோள் குலுங்கக் குலுங்க அழுகிறார்கள். மேஸ்திரி தலையைக் குனிந்துகொண்டு கண்ணைத் துடைக்கிறார். சாவு வீட்டிலேயே ஷிப்டுக்கு நேரமாச்சு என்று எழுந்து போகிற ஜனம் இது. ஊரில் கூத்துப் பார்த்த காலம் தொட்டு இன்றுவரை இப்படி ஒரு சபையை நான் கண்டதில்லை. ஆகையால் எவன் என்ன சொன்னாலும் பாட்டை விடாதே, இது உன் தகப்பன் வாக்கு.

அண்ணா, இதுவரை அப்பா சொன்னது. இனி எழுதுவது பார்வதி. அப்பா எனக்கு எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார், அவர் சொன்னதைத்தான் நான் இன்னும் எழுதி முடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார், நடுநடுவே அண்ணாந்து பார்க்கிற இடத்தை எழுதினியா என்று கேட்கிறார், நான் தலையை ஆட்டுகிறேன். அப்பாவுக்கு எழுத்துத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். அவருக்குக் காதும் கேட்காது, அது உங்களுக்குத் தெரியாது. ஒன்றரை வருஷமாகக் கொஞ்சங்கொஞ்சமாகக் குறைந்துவந்து, போன தீபாவளியோடு அடியோடு போய்விட்டது, இத்தனை வருஷம் சுரங்கத்து வேட்டுச் சத்தத்தில் நின்ற காது. உங்களுக்குச் சொல்லக் கூடாதென்று எங்களிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். நீங்கள் தை மாதம் வீட்டில் சாப்பிட்ட இரண்டு வேளையும் அம்மா முந்திமுந்திப் பதில் சொன்னாள், இன்னாம்மா, அப்பாவப் பேசவே வுட மாட்டேன்றியே என்று நீங்கள்கூடச் சிரித்தீர்கள். இந்த லைனில் எல்லா ஆண்பிள்ளைகளும் கத்தித்தான் பேசுகிறார்கள், பாதிப்பேர் சரியாகக் கேட்காமலே ஆமாம் போடுகிறார்கள், அதனால் அப்பாவும் அவர்களில் ஒருவராகவே இருந்துவிட்டார். ஸ்டேஷனில் நீங்கள், அப்பா என் குரல் எப்டிப்பா கீது என்று கேட்டீர்கள். அவர் உங்கள் வாய் அசைந்ததைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், நாடகத்தைப் பற்றித்தான் கேட்கிறீர்கள் என்று தெரிந்துகொண்டு, தான் கண்டதைச் சொன்னார். உங்கள் வண்டி போய்விட்டது.

அன்றைக்குப் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து நான் கேட்டதை எழுதுகிறேன், என்னை மன்னித்துக்கொள்ளுங்கள். அந்த முந்நூறு பேரும் அழவில்லை அண்ணா, சிரித்தார்கள். நீங்கள் மேலே ஏறிப் பாடின இடத்தில் குரல் இரண்டாகப் பிளந்தது, ஒன்று உங்களுடையது, இன்னொன்று யாரோ ஆண்பிள்ளையுடையது. என் பக்கத்தில் இருந்த மங்கம்மா அக்கா, ஐயோ, தகரத்த தரையில இழுக்குறாப்பல கீதே, சிரிக்காதீங்கடி, தசரதண்ணன் முன்னாடியே குந்திகினு கீறாரு என்று சொல்லிச் சொல்லியே முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். வேறு கம்பெனியாயிருந்தால் விசிலடித்துத் தகரக் கொட்டகையையே பிரித்திருப்பார்கள். அப்பா மேல் உள்ள மரியாதையால் எல்லாரும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அந்த மரியாதையைத்தான் அப்பா அழுகையென்று பார்த்தார். மறுநாள் குழாயடியில் எப்போதும்போல, இன்னா தசரதண்ணா, ஆட்டம் எப்டி என்று கேட்டார்கள். முன்பெல்லாம் அப்பா, ராஜாவவிட அவரு கிரீடம் நல்லா நடிச்சுது என்று ஏதாவது சொல்வார், உடனே நாலு பேர் சண்டைக்கு வருவார்கள், அதைக் கேட்கவே நான் குடத்தை மெதுவாக நிரப்புவேன், வீட்டுக்கு வந்து நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைப்பேன். அன்றைக்கு அவர் எம் மவன் அழ வெச்சுட்டான் பாத்தீங்களா என்றபோது ஒருவரும் எதிர்த்துப் பேசவில்லை. ஆமாண்ணா, ஆமாண்ணா என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

உங்கள் கடிதத்தை வியாழக்கிழமை படித்தேன். குரல் உடைந்துவிட்டது, இனிப் பாடும் வேஷம் இல்லை, புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு திரைக்குப் பின்னாலிருந்து அடி எடுத்துக் கொடுக்கிற வேலையில் இருந்துகொள் என்று நாடக வாத்தியார் சொன்னதையும், அப்பா காதுக்கு மிஞ்சின காது இவருக்கு இருக்கிறதா என்று கோபித்துக்கொண்டு நீங்கள் பங்குனி பதினைந்தோடு கம்பெனியை விட்டு விலகிச் சொந்தமாக ஆட்டம் போட நினைப்பதையும் படித்தேன். அப்பாவுக்கு அதை எப்படிச் சொல்வேன். தொண்டையைத் தொட்டுக் கையை விரித்துக் காட்டினேன், அவர் உடனே சுக்கும் மிளகும் என்றார். இன்னும் விளக்கிக் காட்டப் போனேன், அம்மா என் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள். வேணாம்டி, அந்த மனுஷனுக்கு அது ஒண்ணாச்சும் இருக்கட்டும் என்றாள். உங்களுக்கு எழுத வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை.

ராஜப்பா மாமா மாற்றலாகிப் போவது எங்களுக்கு என்னவென்றும் உங்களுக்குத் தெரிய வேண்டும். பாறையில் வெடித் திரிகளைப் பற்றவைத்துவிட்டு ஒதுங்கி நின்று எத்தனை வெடித்தது என்று எண்ணுவது அப்பா வேலை. ஏழு வைத்து ஆறு வெடித்திருந்தால் அந்தப் பக்கம் யாரும் போகக் கூடாது. இத்தனை நாளும் மாமாதான் ஒவ்வொரு வெடிக்கும் அப்பா தோளில் ஒரு தட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். போன வாரம் வீட்டுக்கு வந்து அப்பாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, நா போன பெறவு எண்ணாதே தசரதா, எவனாச்சும் செத்துப் பூடுவான் என்று அழுதார். அது நிஜமான அழுகை. அப்பாவுக்கு அது மட்டும் கேட்காமலே புரிந்துவிட்டது, சரி என்றார். பங்குனி முதல் தேதியிலிருந்து அவர் இறங்கப் போவதில்லை. இறங்காதவருக்கு லைன் வீடு இல்லை. எங்கே போவதென்று அம்மாவும் அப்பாவும் பேசிக்கொள்ளவும் முடியாது, அவள் பேசினால் லைன் முழுவதும் கேட்கும், அவருக்கு மட்டும் கேட்காது. எனக்குப் பள்ளிக்கூடம் இந்த மாதத்தோடு சரி, டீச்சரம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை, பரீட்சைக்கு என்னைத்தான் முதலில் உட்காரவைக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

ஒன்று மட்டும் யோசித்து யோசித்துப் பார்த்தேன். அப்பா சொன்ன குறைகள் அத்தனையும் சரி. காது கேட்கிற நான் உங்கள் காலைப் பார்க்கவேயில்லை, மந்திரி எங்கே பார்த்தாரென்றும் கவனிக்கவில்லை. இப்போது நினைத்துப் பார்த்தால் நீங்கள் அந்த மாதிரியேதான் நடந்தீர்கள், மரமும் இருந்தது. ஆகவே அப்பா பொய் சொல்லவில்லை, அவர் பார்த்த நாடகம் நல்ல நாடகம்தான். பாட்டுப் புத்தகத்தைத் தனியே படித்தாலும் எனக்கு அழுகை வருகிறது. புத்தகம் நல்லது, கால் நல்லது, கை ஒரு மூச்சு முந்தினாலும் நல்லது, குரல் மட்டும் போய்விட்டது, கொட்டகைக்கு வருகிறவர்கள் குரலைத்தான் கேட்க வருகிறார்கள். இதற்கு என்ன செய்யலாம் என்று எந்தப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை, உங்களுக்கு ஆறுதலாக எழுத வேண்டுமென்றுதான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன், ஒன்றும் அகப்படவில்லை. கம்பெனியை விட்டு விலகாதீர்கள். வாத்தியார் காலில் விழுந்தாவது திரைக்குப் பின்னால் புத்தகம் பிடிக்கிற வேலையில் நின்றுகொள்ளுங்கள். எங்களுக்கு இப்போது அந்தச் சம்பளத்தைத் தவிர வேறு இல்லை. உங்கள் பதிலில் நீங்கள் என்ன எழுதினாலும் நான் அப்பாவைப் பார்த்துச் சிரித்துத் தலையை ஆட்டுவேன், அவர் குழாயடியில் போய்ச் சொல்லுவார், அவர்கள் ஆமாண்ணா என்பார்கள்.

எழுதினதைப் படித்துக்காட்டச் சொல்லி அப்பா கேட்டார். எப்போதும் கேட்பார், என் வாயையும் முகத்தையும் பார்த்துக்கொண்டே இருப்பார். அவர் எதிரில் உட்கார்ந்து முதல் வரியிலிருந்து மேலே எழுதியிருக்கிறது வரைக்கும் ஒன்றையும் விடாமல் சத்தமாகப் படித்தேன். அம்மா அடுப்பங்கரையில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்று முழுக்கக் கேட்டாள். பிறகு வந்து உறை ஒட்டச் சோற்றுப் பருக்கை நாலு என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். அப்பா சொன்னார். நல்லாப் படிச்சே, மொதல் பாதி ரொம்ப நல்லா இருந்துச்சு, பின்பாதில கொஞ்சம் அதிகமா அழுதுட்டே, அடக்கிகினு படி, படிக்கிறவ அழுதா கேக்குறவனுக்கு அழ எடமிருக்காது என்றார். அதையும் எழுது, அவனுக்கும் உதவும் என்றார். எழுதிவிட்டேன்.

எங்கே இருந்தாலும் பசியில்லாமல், நோயில்லாமல், நூறு வயது இரு என்று அப்பா முடிக்கச் சொல்கிறார். அம்மா கங்கம்மாவும் அப்படியே ஆசீர்வதிக்கிறாள். அண்ணா, பங்குனி பதினைந்துக்குள் வாத்தியாரிடம் பேச மறக்க வேண்டாம்.

இப்படிக்கு,
உன் தகப்பன் தசரதன், இடது கைப் பெருவிரல் ரேகை.
கூட இருந்து எழுதினது பார்வதி.