அதே பந்து, அதே கால்

போன இடத்திலும் யாரோடாவது செல்லச் சண்டை பிடித்துக்கொண்டிருக்கும் என் பிரியமான மச்சானுக்கு,

நீ போய் ஒன்றரை வருடம் ஆகிறது. இத்தனை நாள் உனக்கு எழுதத் தோன்றவில்லை. இப்போது ஒரு சந்தேகம் மண்டையைக் குடைகிறது. கோல்ஃப் விதியைப் பற்றிய சந்தேகம். அதைக் கேட்க எனக்கு இருந்த ஒரே ஆள் நீதான். நீயோ இப்படிச் செய்துவிட்டாய். நான் யாரைக் கேட்பேன்?

முதலில் வீட்டுச் செய்தி. என் தங்கை செல்வி நன்றாக இருக்கிறாள். நீ போனபிறகு சென்னை வீட்டைக் காலி செய்துவிட்டு ஆரணிக்கு, எங்கள் தெருவுக்கே வந்துவிட்டாள். பட்டுப் புடவைக் கடை ஒன்றில் வேலை. உன் மகள் பவித்ரா பிளஸ் டூ முடித்துவிட்டாள். நீ புல்வெட்டும் வண்டி ஓட்டிய கோல்ஃப் மைதானத்தில் யாரோ கொடுத்தார்களே பழைய மட்டைகள், அதை வைத்துக்கொண்டு ஊருக்கு வெளியே சேத்துப்பட்டு ரோட்டில் ஏரி வற்றிய தரையில் தினம் காலையில் அடித்துக்கொண்டிருந்தாள். ஆடு மேய்க்கிறவர்கள் முதலில் திட்டினார்கள். பிறகு பந்து எங்கே விழுந்தது என்று அவர்களே கைகாட்டினார்கள்.

போன மாதம் சென்னையில் ஒரு போட்டி வந்தது. முதல் மூன்று பேருக்கு மாநில அணியில் இடம். "பை தூக்க ஆள் வேணும், நீ வா மாமா" என்று என்னைக் கூப்பிட்டாள். சீர்த்தட்டு தூக்கின தாய்மாமனுக்கு மட்டைப்பை ஒரு பாரமா என்று தறியை நிறுத்திவிட்டுக் கிளம்பினேன்.

பஸ்ஸிலேயே விதி சொல்ல ஆரம்பித்துவிட்டாள். மச்சான், இதையெல்லாம் தெரிந்துகொண்டா நீ அங்கே அத்தனை வருடம் புல் வெட்டினாய்? குறைவாக அடிக்கிறவர் ஜெயிப்பாராம். சரி. பதினாலு மட்டைக்கு மேல் பையில் இருக்கக்கூடாதாம். அதுவும் சரி. மணல் பள்ளத்தில் பந்து விழுந்தால், அடிப்பதற்கு முன் மட்டையை மணலில் வைத்துப் பார்க்கக்கூடாதாம். ஏன், மணலுக்கு வலிக்குமா? காக்கா பந்தைத் தூக்கிப் போனால் குற்றமில்லை, பழைய இடத்தில் வேறு பந்து வைத்துக்கொள்ளலாம். காற்று தள்ளினால் மட்டும் தள்ளிய இடத்திலிருந்தே ஆடணுமாம்.

"அப்போ காத்துக்கு ஒரு நியாயம், காக்காவுக்கு ஒரு நியாயமா?" என்று கேட்டேன்.

"அப்படித்தான் மாமா. பேஜார் பண்ணாம கேட்டுகினு வா."

கேட்டுக்கொண்டுதான் போனேன். ஆற்காடு தாண்டும்போது பாதி மறந்துவிட்டது.

நாலாவது குழிக்கு ஆடும்போது பந்து உயரமான புல்லுக்குள் போய்விட்டது. எல்லோரும் குனிந்து தேடினோம். என் கால்தான் முதலில் கண்டுபிடித்தது. பந்து உருண்டது, எனக்கு உயிரே போய்விட்டது. பவித்ரா சிரித்தாள். "தேடும்போது கால் பட்டா ஒண்ணும் இல்ல மாமா" என்று சொல்லிப் பந்தைப் பழைய இடத்தில் வைத்தாள். கால் பட்டால் குற்றமில்லை என்று நான் மனசில் எழுதிக்கொண்டேன். 'தேடும்போது' என்பதை விட்டுவிட்டேன்.

மொத்தம் பதினெட்டில் பதினேழாவது குழி. அதற்குள் பவித்ரா மூன்றாவது இடத்துக்கு வந்திருந்தாள். பந்து வெட்டவெளியில், கட்டையாக வெட்டிய புல்மேல் பளிச்சென்று கிடந்தது. பையை இறக்கி வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தேன். குதிகால் பந்தில் பட்டு அது ஒரு சாண் உருண்டுவிட்டது.

என்னை உனக்குத் தெரியும். தறியில் குறுக்கே ஓடுகிற நாடா கீழே விழுந்து கால் பட்டுவிட்டால், யோசிப்பதற்கு முன்னால் என் கை அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிவிடும். விவரம் தெரிந்த நாளிலிருந்து இந்தப் பழக்கம். அந்தப் பந்தையும் அப்படித்தான் எடுத்தேன். இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு பயபக்தியாகக் கீழே வைத்தேன்.

கூட ஆடிய பெண்தான் பவித்ராவின் அடிகளைக் குறித்துக்கொள்கிறவள். அவள் அந்தப் பக்கம் திரும்பித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா மாமா பண்ண?"

"கால் பட்டுடுச்சிம்மா. அதுக்கு ஒண்ணும் இல்லன்னு நீதானே சொன்ன?"

"அது தேடும்போது. இப்போ யாரு தேடினாங்க? பந்து கண்ணு முன்னாடி இருக்குது. ஒரு அடி சேரும்."

"அதே பந்து, அதே கால், பவி! யாரும் பாக்கல. ஜல்தியா அடிச்சிட்டு வா."

"நான் பாத்தேனே மாமா."

நேராக அந்தப் பெண்ணிடம் போய்ச் சொல்லிவிட்டாள். நடுவர் வந்தார். இவர் ஏன் பந்தைக் கண்ணில் வைத்தார் என்று கேட்டார். பவித்ரா இங்கிலீஷில் விளக்கினாள். மரியாதையாகத் தலையாட்டிக் கேட்டார். கேட்டுவிட்டு ஓர் அடியைச் சேர்த்தார். கண்ணில் ஒற்றியதற்கென்று தனியாக ஒன்றும் கிடையாதாம். அதற்காக நான் சந்தோஷப்படணுமா மச்சான்?

முடிவில் மூன்றாவது இடத்துக்கு இரண்டு பேர் சமமாக வந்தார்கள். சமத்தை உடைக்க இன்னொரு குழி ஆடச் சொன்னார்கள். அதில் பவித்ரா தோற்றாள். அந்த ஓர் அடி மட்டும் இல்லாவிட்டால் இன்றைக்கு அவள் மாநில அணியில் இருப்பாள்.

என் சந்தேகம் இதுவரை நடந்ததில் இல்லை. அதற்குப் பிறகு வீட்டில் நடந்ததில்தான் இருக்கிறது.

செல்வி வாசலிலேயே காத்திருந்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் பவித்ரா சொன்னாள்: "நான்தாம்மா சரியா ஆடல. கடைசியில கை நடுங்கிடுச்சி." நான் தோளில் பையோடு பக்கத்தில் நின்றேன். வாய் திறக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது, ஆனால் உன்னிடம் மறைத்து என்ன ஆகப் போகிறது?

மறுநாளே செல்வி பையைப் பரணில் ஏற்றிவிட்டாள். "அவளுக்கு அது வரலண்ணா, அவளே சொல்லிட்டா. அவங்கப்பா ஆசைக்குன்னு எவ்ளோ நாளு வெயில்ல காயறது? போதும்" என்றாள். பன்னிரண்டு நாளாகப் பவித்ரா ஏரிப் பக்கம் போகவில்லை. ஆடு மேய்க்கிற பெரியவர் என்னை வழியில் நிறுத்தி, "பொண்ணு இன்னாபா ஆளையே காணோம், உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

பவித்ராவைத் தனியாகப் பிடித்து, "அம்மாகிட்ட நடந்ததைச் சொல்லிடறேன்" என்றேன்.

"வேணாம் மாமா. அப்பாவும் இல்ல. அம்மாவுக்குன்னு இருக்கறது நீ மட்டும்தான். உன்மேலயும் கோவம் வந்துட்டா அம்மா யாருகிட்ட போய்ப் பேசும்?"

இதுதான் மச்சான் எனக்குப் புரியவில்லை. பென்சில் வைத்திருந்த முன்பின் தெரியாத பெண்ணிடம் ஓர் அடியை மறைக்க முடியாத பிள்ளை, பெற்ற தாயிடம் மறைக்கிறது. அதுவும் எனக்காக. எது அவள் விதிப் புத்தகத்தில் படித்தது, எது உன்னிடமிருந்து வந்தது? எந்த விதிப்படி இது சரி, எந்த விதிப்படி தப்பு? யோசிக்க யோசிக்கத் தலை சுற்றுகிறது. தறியில் உட்கார்ந்தால் இழை அறுகிறது.

ஒன்றே ஒன்று மட்டும் தெளிவாகிவிட்டது. பை தூக்குகிறவன் செய்த தப்பு ஆடுகிறவள் தலையில் விழுமாம். மைதானத்தில் அது அவர்கள் சட்டம், மாற்றச் சொல்ல நான் யார்? ஆனால் வீட்டுக்குள்ளும் அதே சட்டத்தை நடத்தினால் நான் என்ன தாய்மாமன்?

இப்போது காலை ஆறரை மணி. செல்வி வாசல் தெளித்துக்கொண்டிருப்பாள். நேரே போகிறேன். கால் பட்டது, கண்ணில் ஒற்றியது, பிள்ளையைப் பொய் சொல்ல விட்டுவிட்டு ஊமையாக நின்றது, எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன். திட்டினால் வாங்கிக்கொள்கிறேன். பேசாமல் போனால், அவள் பேசும்வரை தினமும் போய் அந்த வாசலில் நிற்கிறேன். பரணிலிருந்து பையை என் கையால் இறக்காமல் இன்றைக்குத் தறியில் உட்கார மாட்டேன். உன்மேல் ஆணை.

இப்படிக்கு,
உன் மகள் தாயிடம் சொன்ன ஒரே பொய்க்குக் காரணமான,
உன் மச்சான் சேகர்